விளையாட்டு வினையானால்

'விளையாட்டு வினையாகும்' என்பது நம் முதியோர் வாக்கு. பிள்ளைகளை அதட்டுதற்கென வழங்கிய அவ்வாக்கிலே வினை என்பது தீங்கு எனப் பொருள்படும். அச்சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டென்பதை நாம் அவ்வேளையில் நினைப்பதில்லை. அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவர், இன்று வளர்ந்த மகனொருவனுக்குத் தந்தை, கடற்கரை வீதியில் என்னை மறித்து, "மாஸ்ரர், பெடியன் கணினியிலே விளையாட்டு எழுதப்போகிறானாம். நீங்கள்தான் நாலு வார்த்தை சொல்லித் திருத்தவேணும்" என்று முறையிட்டார். எனக்கு அவ்விரண்டாம் பொருளே முதலில் மனத்தில் எழுந்தது. வீதியோரத்தில் நின்று சொல்ல இயலாதுபோன மறுமொழியை இம்மலரின் வாயிலாகச் சொல்லத் துணிகின்றேன்.

என் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றேன். கணினி விளையாட்டுகளுக்குச் செய்நிரல் எழுதும் தொழில் கற்றோர் நாணத்தக்கதன்று, கற்றோர்க்கே உரியது. ஆயின், அதன்மேல் இளைஞர் கொண்ட ஆசையையே அவர்தம் கூலியின் ஒரு பகுதியாக எண்ணிக் கழித்துக்கொள்ளும் வழக்கம் அத்தொழிலிலே வேரூன்றியுள்ளது. எனவே பிள்ளையைத் தடுத்தல் வேண்டா. வெறுங்கையோடு அனுப்புதலும் ஆகாது.

விளையாடுதல் வேறு, விளையாட்டை இயற்றுதல் வேறு. விடியும்வரை கூத்துப் பார்ப்பவனும் அக்கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் ஒருவராகார். இதனை நாமெல்லாம் அறிந்த ஓர் ஆட்டத்தைக்கொண்டு விளக்குவேன். மாலைவேளைகளில் மணலிற் கோடு கீறிக் கிளித்தட்டு ஆடியதை நம்முள் மறந்தார் யார்? குறுக்குக் கோட்டில் நின்று மறிப்பவன் தன் கோட்டை விட்டு விலகலாகாது. கிளியாக நிற்பவனோ நடுக்கோட்டிலும் ஓடித் திரியலாம். எதிர்ப்பக்கத்தார் இவர்களின் கையிற் படாமற் பெட்டிகளைக் கடந்துபோய் மீள வேண்டும். இவ்வளவே ஆட்டம்.

இதனைக் கணினித் திரையில் ஆடச்செய்ய முற்படும் செய்நிரலாளன் முன்னே எத்தனை வினாக்கள் எழுகின்றன என்று பாருங்கள். திரையிலுள்ள படம் பெரும்பாலான விளையாட்டுகளில் வினாடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படுகின்றது. ஆகவே ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 17 பங்குக்கும் குறைவானது. அதற்குள், ஆடுவோன் எந்தப் பொத்தானை அழுத்தினான் என அறிதல் வேண்டும். ஒவ்வோர் உருவமும் எவ்விடத்திற்கு நகர்ந்தது எனக் கணித்தல் வேண்டும். மறிப்பவன் கை ஓடுபவன் தோளிற் பட்டதா எனத் தீர்த்தல் வேண்டும். அதன்பின் அனைத்தையும் வரைந்து முடித்தல் வேண்டும். ஒரு முறை பிந்தினாலும் படம் திக்கும். ஆடுவோனுக்குக் காரணம் தெரியாது, கை மட்டும் தடுமாறும்.

இதனினும் சுவையானது ஒன்றுண்டு. மறிப்பவனை எவ்வளவு கெட்டிக்காரனாக்குவது? கணினி, ஓடுபவன் அடியெடுத்த அக்கணமே அவன் எங்கே போவானென்று அறிந்துவிடும். அதனை அப்படியே விட்டால் ஒருவரும் ஒரு கோட்டையும் தாண்டார். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் வெறுத்துப்போகும். எனவே செய்நிரலாளன் அதற்குச் சற்றுத் தாமதத்தையும், இடப்பக்கம் பாய்வதுபோற் காட்டி வலப்பக்கம் ஓடுபவனிடம் ஏமாறும் பேதைமையையும் ஊட்ட வேண்டியவனாகின்றான். நாம் வகுப்பிலே பிள்ளைகளுக்குப் பிழைவிடாதிருக்கக் கற்பிக்கின்றோம். அவனோ பொறிக்கு அளவறிந்து பிழைவிடக் கற்பிக்கின்றான். எது கடினமென்று என்னாற் சொல்ல முடியவில்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை நம் வகுப்பறைக் கணிதமே. "காவிகளைப் படித்து என்ன பயன், சேர்?" என்று கேளாத வகுப்பு எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. திரையில் ஓடும் உருவத்தின் திசையும் வேகமும் ஒரு காவி. முப்பரிமாண உருவமொன்றைத் திருப்புவதும் பெருப்பிப்பதும் நகர்த்துவதும் நான்கு நிரையும் நான்கு நிரலும் கொண்ட தாயத்தாற் பெருக்கும் வேலை. தமிழ்நாட்டார் 'அணி' என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் 'தாயம்' என்கின்றன. அச்சொல்லை ஆக்கியோர் தாயக்கட்டையை உருட்டும் விளையாட்டை மனங்கொண்டனரோ இல்லையோ, பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

கணிதமும் கலையும் ஓரிடத்திற் கூடுதல் நமக்குப் புதிதுமன்று. இவ்வூர் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்க அவர் இலக்கியத்தை மாத்திரம் துணைக்கொள்ளவில்லை. நரம்புகளின் அளவையும் சுரங்களின் விகிதத்தையும் எண்ணாற் கணித்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூலைப் புரட்டுவோர் அதன் பக்கங்களிற் கணக்கைக் காண்பர். அவரை இசைப் பித்தர் என்று ஒருவரும் எள்ளியதில்லை.

நிற்க. தொழிலின் மறுபக்கத்தை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

அமெரிக்காவிலே அடாரி என்னும் நிறுவனம் இவ்விளையாட்டுகளை முதன்முதல் வீடுதோறும் கொண்டுசென்ற நிறுவனங்களுள் ஒன்று. அங்கே ஒரு விளையாட்டு முழுவதையும் பெரும்பாலும் ஒருவரே இயற்றுவார். ஆயினும் இயற்றியவர் பெயர் பெட்டியின்மேற் பொறிக்கப்படுவதில்லை. வாரன் ராபினெட் என்பார் 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டை வெறும் 4 கிலோபைட் இடத்துக்குள் அடக்கி இயற்றினார். எவருக்கும் சொல்லாமல் அதனுள்ளே ஓர் இரகசிய அறையை அமைத்து, அதிலே தம் பெயரைப் பொறித்துவைத்தார். 1980இல் விளையாட்டு வெளிவந்து, ஆடிய சிறுவர் அவ்வறையைக் கண்டுபிடித்த பின்னரே நிறுவனத்தாருக்குச் செய்தி தெரிந்தது. கோயிற் றூணின் மறைவான மூலையிலே தன் முகத்தைச் செதுக்கிவைத்த சிற்பியின் செயலை இது ஒத்தது.

அதே நிறுவனத்தின் வேறு செய்நிரலாளர் நால்வர், பெயருமில்லை இலாபத்திற் பங்குமில்லை என வெறுத்து வெளியேறி, 1979இல் அக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்குதற்குக் காரணராயினர். அந்நிறுவனம் பெட்டியின்மேல் இயற்றியவர் பெயரை அச்சிட்டது. அக்கதை அத்துடன் முடிந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். அக்டிவிஷன் வளர்ந்து பெருத்து, 2023 ஒக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. மூன்று மாதங்கள் கழித்து, 2024 ஜனவரியில், மைக்ரோசொப்ட்டின் விளையாட்டுப் பிரிவுகளில் 1,900 பேர் வேலையினின்றும் நீக்கப்படுவர் என அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சோனி நிறுவனம் ஏறத்தாழ 900 பேரை நீக்குவதாக அறிவித்தது. நீக்கப்பட்டோர் திறமையற்றோர் என்று எவரும் கூறவில்லை.

வேலை நேரத்தின் கதையும் இத்தகையதே. 2004 நவம்பரில், எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துச் செய்நிரலாளர் ஒருவரைக் கரம்பற்ற இருந்த பெண்மணி, தம் பெயரை மறைத்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரத்தின் ஏழு நாளும், மேலதிகக் கொடுப்பனவின்றி வேலை வாங்கப்படுவதை அதில் விவரித்தார். அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியில், செய்நிரலாளர் தொடுத்த வழக்கு 2006இல் 1 கோடியே 49 இலட்சம் டொலருக்கு இணக்கமாக முடிந்தது. 'உனக்குப் பிடித்த வேலைதானே, இன்னும் சற்றுச் செய்தால் என்ன?' என்னும் ஒரு சொல்லே அங்கெல்லாம் சவுக்காக வழங்கியது. ஆசிரியர் தொழிலிலும் இச்சொல்லைக் கேட்டிருக்கின்றோம். ஆதலால் எனக்கு அதன் சுவை தெரியும்.

தூரத்து எசமானை நம்பிய பிழைப்பு எத்தன்மையது என்பதைத் திருகோணமலையார்க்கு வேற்றூரார் சொல்லத் தேவையில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தளத்தைக் கையளித்துச் சென்றபோது, தளத்து வேலையையே நம்பியிருந்தோர் பலர் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. தளம் நாட்டுக்கு மீண்டதில் மகிழ்ந்த வீடுகளிலேயே அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிய கவலையும் இருந்தது. அன்று கைத்தொழில் ஒன்றைத் தெளிவாகக் கற்றிருந்தவன் எங்கும் போய்ப் பிழைத்தான்.

ஆகவே அத்தந்தையாருக்கு என் ஆலோசனை இது: மகன் முதலிற் செய்நிரலாளனாகட்டும், பிறகு விளையாட்டுச் செய்நிரலாளனாகட்டும். இணைந்த கணிதத்தை விடாது படிக்கட்டும். கணினி விஞ்ஞானத்திற் பட்டம் பெறக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலேயே இருக்கின்றது. ஆயிரத்தில் 17 பங்கு நேரத்துக்குள் வேலையை முடிக்கக் கற்றவனுக்கு வைத்தியசாலைக் கருவிக்கும் கப்பலின் வழிகாட்டிக்கும் செய்நிரல் எழுதல் அரிதன்று. வேலைக்கான ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் மூன்றை வாசிக்கட்டும்: மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு உண்டா, ஓய்வு நேரத்தில் அவன் தன் வீட்டிலிருந்து இயற்றுவது எவர்க்குச் சொந்தம், முடிந்த விளையாட்டில் அவன் பெயர் இடம்பெறுமா. மூன்றாவதை அற்பமென எண்ணுவோர் ராபினெட்டின் அறையை நினைத்துக்கொள்க.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்துறையில் இடமுண்டோ என ஐயுறுவார்க்கு ஒன்று காட்டுவேன். கனடாவின் ரொறொன்ரோ நகரிலே 'விசை' என்று தமிழ்ப்பெயர் சூடிய சிறு குழுவினர், 'வெண்பா' என்னும் விளையாட்டை 2023 ஜூலை 31ஆந் திகதி வெளியிட்டனர். துப்பாக்கியில்லை, ஓட்டப்பந்தயமில்லை. 1980களிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி, தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலியும் புட்டும் சமைக்கின்றாள். மகன் மெல்ல மெல்லத் தமிழைவிட்டு விலகுகின்றான். அவ்வளவே. அச்சிறு ஆட்டம் 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பிரித்தானிய பாஃப்டா நிறுவனத்தின் முதற்படைப்புக்கான விருதையும் பெற்றது. பெருநிறுவனங்கள் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

நம் பிள்ளைகள் செய்யாவிட்டால் வேறெவரும் செய்யார் என்று சொல்லத்தக்க வேலையும் ஒன்றுண்டு. 'கோ' என்னும் எழுத்தைக் கணினி, ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னுமாகவே நினைவில் வைத்திருக்கும். எழுதும்போதோ கொம்பு முன்னே வரவேண்டும், கால் பின்னே வரவேண்டும். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் மென்பொருள்களுட் சில, ஆங்கில எழுத்தை மனங்கொண்டு அமைந்தவை. அவை இவ்வொழுங்கை அறியாது குறிகளை வந்த வரிசையிலே கொட்டிவிடும். 'திருகோணமலை' என்று எழுதினால் கோவும் சிதையும், லையும் சிதையும். தன் ஊர்ப்பெயரையே ஒழுங்காகக் காட்டாத திரையிலே பிள்ளை தமிழில் என்ன கதை சொல்வான்? ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான்.

ஆர்ஜென்ரீனாவிற் பிறந்து, 2014 முதல் எவரும் இலவசமாக எடுத்து மாற்றியமைக்கத்தக்கதாய் வழங்கும் 'கொடோ' என்னும் மென்பொருள், 2023இல் வந்த தன் நான்காம் பதிப்பில் இக்குறையை நீக்கியது. கடவுச்சீட்டும் வேண்டா, கட்டணமும் வேண்டா. கல்லூரிக் கணினிக் கூடத்திலேயே அதனை நிறுவலாம். ஆண்டுதோறும் பரிசிலாகக் கேடயங்களையே வாங்கும் நம் பழைய மாணவர் சங்கம், ஓர் ஆண்டுக்கு அப்பணத்தைக்கொண்டு இரண்டு கணினிகளை வாங்கி, உயர்தர மாணவர் நால்வரை அமர்த்தி, கிளித்தட்டைத் தமிழெழுத்தோடு திரையிற் கொண்டுவரச் சொன்னால் என்ன? கேடயங்களுக்கு ஏற்கெனவே அலுமாரியில் இடமில்லை.

அத்தந்தையாரின் மகனைப் பின்னர் ஒருநாட் சந்தித்தேன். தான் எழுதிவருவதைக் கைத்தொலைபேசியிற் காட்டினான். மீன்பிடித் தோணி ஒன்று அலைமேல் ஏறியிறங்கிற்று. அலை ஏறும்போதும் தோணி ஒரே வேகத்திற் போவது பிழை என்றேன். "தெரியும் சேர், அந்தக் கணக்குத்தான் பிடிபடவில்லை" என்றான். ஞாயிறு காலை கொப்பியோடு வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கின்றேன்.