நிறம் போயிற்று, உப்பு எங்கே போயிற்று?

கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரை ஏந்தி, சாயம் போய்விட்டது பார் என்று காட்டுவது சாயப்பட்டறை முதலாளிகளின் பழைய வித்தை. சாயம் போனது மெய்தான். விஞ்ஞானத்தின் மீது நமக்குக் கோபமில்லை. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை ஆற்றில் கொட்டிய இலாப வேட்டையின் மீதுதான் கோபம்!

தம்ளருக்குள் நடப்பது என்ன? வெளுப்புக் கூடத்தில் அன்றாடம் புழங்கும் பெராக்ஸைடோடு அன்னபேதியைச் சேர்த்தால் உக்கிரமான வினை எழும். 1894-ல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய ரசாயனி இதை வெளியிட்டார். 1934-ல் ஹேபரும் வைஸும் காரணத்தை விளக்கினார்கள். இரும்பு பட்டதும் பெராக்ஸைடு பிளக்கிறது. ஹைட்ராக்ஸில் ராடிகல் என்ற துண்டு பிறக்கிறது. ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு பிறக்கும் இதற்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆயுள் கிடையாது. அதற்குள் பக்கத்தில் எது அகப்பட்டாலும் அதன் எலக்ட்ரானைப் பறிக்கும். குளோரினும் ஓசோனும் இதன் வலுவுக்கு ஈடில்லை.

பெரும்பாலான சாயங்களின் நிறம் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் கண்ணியில் இருக்கிறது. ராடிகல் அதை அறுத்ததும் நிறம் மறையும். ஆனால் அறுந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும்! அவற்றைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முடிக்க இன்னும் பெராக்ஸைடு வேண்டும், இன்னும் நேரம் வேண்டும். அதாவது காசு வேண்டும். நிறம் போனவுடன் கணக்கை மூடினால் காசு மிச்சம்.

உப்பு கதையே வேறு. பருத்தியில் சாயம் ஏற, தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுகிறோம். மூட்டை சுமக்கும் தோழருக்கு இது தெரியும். சோடியத்தை எந்த ராடிகலாலும் எரித்துவிட முடியாது. இன்னொரு கேடும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு ராடிகலை வழியிலேயே மடக்கித் தின்றுவிடும்; சாயத்தை எட்டுவது மீதிதான். வினை முடிந்து சுண்ணாம்பு போட்டால் இரும்பெல்லாம் செந்நிறச் சேறாக அடியில் தங்கும். அதை அள்ளுகிறவன் ஒப்பந்தக் கூலி. அவன் கைக்கு உறை உண்டா என்று கேட்க எந்த நிபுணருக்கும் நேரமில்லை!

நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992-ல் வேலை முடிந்தது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் தேங்கிற்று. கிணறு உப்பாயிற்று, நிலம் பாழாயிற்று. அணையில் தண்ணீர் தேக்காதே என்று பாசன விவசாயியே கேட்கும் விபரீதம் உலகில் எங்கே நடக்கும்? நிலமுள்ளவன் வழக்காடினான். அந்த நிலத்தில் களையெடுத்துப் பிழைத்த கூலிப் பெண்ணுக்கு வழக்காட எது இருந்தது?

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தெருவில் நின்றவன் யார்? முதலாளியா? சாயத்தொட்டித் தொழிலாளி! விவசாயிதான் உன் சோற்றில் மண் போட்டான் என்று அவனிடமே ஓதினார்கள். பிறகு என்ன ஆயிற்று? சவ்வில் அழுத்தி வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, சொட்டுக் கழிவும் வெளிவராத முறை என்று சொல்லித்தான் பட்டறைகளைத் திறந்தார்கள். கட்டாது, முடியாது என்று ஆண்டுக்கணக்கில் பாடிய பாட்டு பூட்டு விழுந்ததும் நின்றுபோயிற்று. முன்னமே செய்திருந்தால் வயலும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும்.

ஆகவே தம்ளரைக் கண்டு மயங்காதீர்கள். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. சட்டைப் பையில் அடங்கும் மீட்டருக்குத் தெரியும். கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாது என்பது சர்க்காரே வைத்த வரம்பு. பட்டறைகள் உள்ள ஊர்களில் ஓடை, கிணறு ஒவ்வொன்றின் அளவையும் வாரந்தோறும் எடுத்துத் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். அளக்கும்போது ஆலைத் தொழிலாளி ஒருவரும் விவசாயக் கூலி ஒருவரும் கூட நிற்க வேண்டும். இதைக் கேட்டு இரு சங்கங்களும் சேர்ந்தே மனுக் கொடுப்போம்!