கேரம் அடிக்கும் கைக்கு ஸ்நூக்கர் எட்டுமா?

கச்சிராயபாளையம்: கடைசி கருப்பு பந்து குழிக்குள் விழுந்தது. உலக பட்டம் சென்னை பொண்ணு கைக்கு வந்தது!

2025 நவம்பரில் கத்தார் தலைநகர் தோகாவில் நடந்த உலக ஸ்நூக்கர் இறுதிப்போட்டியில், சென்னை வீராங்கனை அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வீழ்த்தினார். கடைசி ஆட்டம் 68-60. 15 சிவப்பு பந்து பிரிவில் இந்த பட்டத்தை வென்ற முதல் இந்திய பெண் இவர்தான். இதே இங் ஆன் யீயிடம்தான் 2017ல் சிங்கப்பூரில் நடந்த மகளிர் உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் வித்யா பிள்ளை 6-5 என நூலிழையில் கோட்டை விட்டார்.

சரி, நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. கேரமில் காயை குழிக்குள் தள்ள கோணம் பார்க்கிற அதே கணக்குதான் ஸ்நூக்கரிலும். ஆனா கேரம் போர்டை திண்ணையில போட்டு ஆடலாம். ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம், அடியில கல் பலகை, எடை ஒரு டன்னுக்கு மேல. கூலி வேலைக்கு போற வீட்டில அதை எங்கே வைக்கிறது? அதனாலதான் இது கிளப் ஆட்டமாவே நிக்குது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019லேயே தலைநகரும் வந்தாச்சு. அங்கே பொதுவில் ஒரு மேசை, பெண் பிள்ளைகளுக்கு தனி நேரம், சொல்லித்தர ஒரு ஆள். இவ்வளவு போதும். கல்வராயன் மலை அடிவாரத்து பிள்ளைக்கும் குறி தப்பாது.