சீர்திருத்தம் முடிந்தது, நாடு எங்கே?

பாலஸ்தீன நிர்வாகம் முதலில் தன்னைச் சீர்திருத்திக்கொள்ளட்டும், தனிநாடு பற்றி அப்புறம் பார்க்கலாம் என்ற குரல் மறுபடியும் கேட்கிறது. வாஷிங்டனிலும் ஐரோப்பியத் தலைநகரங்களிலும் இதை ஏதோ புதிய யோசனை போலச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இதே நிபந்தனையைச் சலாம் ஃபயாத் என்ற மனிதர் ஏற்கெனவே நிறைவேற்றிக் காட்டிவிட்டார்.

நான் கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தத் தலைவரையும் மேடைப் பேச்சை வைத்து எடை போட எனக்குத் தெரியாது. பணம் எந்த வழியாக வந்தது, யார் கையெழுத்தில் வெளியே போனது என்றுதான் பார்ப்பேன். ஃபயாத் மீது எனக்கு மதிப்பு வந்ததும் அப்படித்தான்.

துல்கரம் அருகேயுள்ள டெய்ர் அல்-குசூன் கிராமத்துக் குடும்பம் அவருடையது. பெய்ரூட்டில் பொறியியல் படித்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு சர்வதேச நாணய நிதியத்தில் (ஐஎம்எஃப்) வேலை. 1990-களின் பிற்பாதியில் அந்த அமைப்பின் பிரதிநிதியாகப் பாலஸ்தீனப் பகுதிக்கே திரும்பி வந்தார். துப்பாக்கி தூக்கிய வரலாறோ ஆளும் ஃபதா கட்சியின் உறுப்பினர் அட்டையோ அவருக்கு இல்லை. நன்கொடை நாடுகளின் நெருக்கடி முற்றிய நிலையில், 2002-ல் பாலஸ்தீன நிர்வாகத்தின் அப்போதைய அதிபர் யாசர் அராபத் அவரை நிதி அமைச்சர் ஆக்கினார்.

அவர் கைக்கு வந்த கஜானா எப்படி இருந்தது? 1995 முதல் 2000 வரை சுமார் 90 கோடி டாலர் வரவு செலவுத் திட்டத்துக்குள்ளேயே வராமல், அராபத்தின் கட்டுப்பாட்டில் இருந்த தனிக் கணக்குக்குப் போயிருந்ததாக ஐஎம்எஃப் பின்னர் அறிக்கை கொடுத்தது. பாதுகாப்புப் படை வீரர்களின் சம்பளம் மொத்த ரொக்கமாகத் தளபதிகளிடம் போகும். அவர்கள்தான் பட்டுவாடா செய்வார்கள்.

இது எத்தனை பெரிய சங்கதி என்பது சம்பளப் பட்டுவாடாவைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் புரியும். எங்கள் காலத்தில் பட்டியலில் பெயருக்கு நேரே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நோட்டை எண்ணிக் கொடுப்போம். அத்தனை கட்டுப்பாடு இருந்தும், வாங்குபவர் எண்ணிக் கொடுத்தவரைப் பார்த்துத்தான் கும்பிடுவார். பட்டியலில் கையெழுத்தும் வாங்காமல் ஒரு தளபதி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அந்த வீரன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? பட்டியலில் இருக்கும் ஆட்கள் எல்லாம் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? அந்தச் சம்பளத்தை நேராக வங்கிக் கணக்கில் போட வைத்தார் ஃபயாத். தளபதிகளின் எதிர்ப்பு சாமானியமானதில்லை. இருந்தும் செய்து முடித்தார். சிதறிக் கிடந்த வரவுகளை ஒரே கருவூலக் கணக்கில் சேர்த்தார். பெட்ரோல் வணிகத்தை நிதி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார். பட்ஜெட்டைப் பொதுவெளியில் வைத்தார்.

2007 ஜூனில் காசா ஹமாஸ் கைக்குப் போனதும், அதிபர் மஹ்மூத் அப்பாஸ் அவரைப் பிரதமராக நியமித்தார். 2009 ஆகஸ்டில் அவர் ஒரு திட்டத்தை அறிவித்தார்: ஆக்கிரமிப்பு நீங்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீதிமன்றம், காவல், பள்ளி, சாலை, வரி நிர்வாகம் என்று ஒரு நாட்டுக்கு வேண்டிய அத்தனையையும் 2 ஆண்டில் கட்டி முடிப்போம். 2008-ல் சுமார் 180 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு பட்ஜெட் உதவி, 2010-ல் சுமார் 110 கோடியாகக் குறைந்தது. 2011 ஏப்ரலில் ஐஎம்எஃப், உலக வங்கி, ஐ.நா. மூன்றுமே, ஒரு நாட்டை நடத்தும் தகுதி இந்த நிர்வாகத்துக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தன. பரீட்சை வைத்தவர்களே தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்ட பிறகும் சான்றிதழ் வரவில்லை.

வராததற்குக் காரணம் ஃபயாத்தின் அலுவலகத்துக்கு வெளியே இருந்தது. 1994-ல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குகளுக்கான சுங்கத்தையும் மதிப்புக் கூட்டு வரியையும் இஸ்ரேல் வசூலிக்கும். 3 சதவீதத்தைத் தன் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு மீதியை மாதாமாதம் அனுப்பும். பாலஸ்தீன நிர்வாகத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுதான். 2011-ல் பாலஸ்தீனம் யுனெஸ்கோவில் உறுப்பினரானபோது இந்தப் பணத்தை நிறுத்தினார்கள். 2012 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 138 வாக்குகளுடன் பார்வையாளர் நாடு என்ற தகுதியை வழங்கியபோதும் நிறுத்தினார்கள். மேற்குக் கரையில் சுமார் 60 சதவீத நிலம் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் ‘சி’ மண்டலம். அங்கே கிணறு தோண்டவும் அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ச்சி எங்கிருந்து வரும்?

2012 செப்டம்பரில் விலைவாசி தாங்காமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டாக்சி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஹெப்ரோனில் ஃபயாத்தின் கொடும்பாவி எரிந்தது. எரிபொருள் விலையையும் வரியையும் குறைத்துப் பார்த்தார். சம்பளமே சரியாகப் போடமுடியாத அரசால் எத்தனை நாள் சமாளிக்க முடியும்? 2013 ஏப்ரலில் ராஜினாமா செய்தார்.

அவர்மீது எனக்கும் குறை உண்டு. 2006 தேர்தலில் அவருடைய ‘மூன்றாம் வழி’ அணிக்கு 132 இடங்களில் கிடைத்தவை 2. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறாத அமைச்சரவைக்கு ஆறு ஆண்டுகள் தலைமை தாங்கினார். கணக்கில் இருந்த கண்டிப்பு ஜனநாயகத்தில் இல்லை என்று பாலஸ்தீனர்களே சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனிநாடு கிடைக்காமல் போனதற்கு அந்தக் குறையைக் காரணமாகக் காட்ட முடியாது. மேற்கு நாடுகள் அவரைக் கொண்டாடியதே தேர்தல் பலம் இல்லாத அந்த நாட்களில்தான்.

கொண்டாடியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2017-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் குத்தேரஸ், லிபியாவுக்கான தூதராக ஃபயாத்தை முன்மொழிந்தார். அமெரிக்கா தடுத்துவிட்டது. அவருடைய தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. பாலஸ்தீனர் என்பதே தடையாக இருந்தது.

அவருக்குப் பின் வந்தவர்களில், 2019-ல் பிரதமரான முகமது ஷ்தய்யா பொருளாதார வல்லுநர். 2024-ல் வந்த முகமது முஸ்தபாவும் பொருளாதார வல்லுநர்தான், உலக வங்கியில் வேலை பார்த்தவர். ஆள் மாறினாலும் வருவாயின் சாவி இடம் மாறவில்லை. 2021-ன் கடைசியிலிருந்து பாலஸ்தீன ஆசிரியர்களும் செவிலியர்களும் அரைகுறைச் சம்பளம்தான் வாங்குகிறார்கள். இஸ்ரேல் நிதி அமைச்சர் ஸ்மோட்ரிச் 2025-ல் மாதக்கணக்கில் வரிப் பணத்தை மொத்தமாகவே நிறுத்தினார். இந்த நிலைமையில் முஸ்தபாவிடம் போய் நிர்வாகச் சீர்திருத்தம் எங்கே என்று கேட்பது அநியாயம்.

1988-லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு நம்முடையது. 2012-ல் பொதுச்சபையில் ஆதரவாக வாக்களித்தோம். இஸ்ரேலுடன் இன்று நமக்கு நெருக்கமான உறவும் இருக்கிறது. அந்த நெருக்கத்தை வைத்து இந்தியா ஒன்றைக் கேட்டாக வேண்டும்: வசூலித்த வரி குறித்த தேதியில் ரமல்லாவிலுள்ள பாலஸ்தீன நிர்வாகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஓர் அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவைக்க முடியாதபடி, இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரின் பொறுப்பில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.