புதிய மீனுக்கு இரண்டு வாரம் தனித்தொட்டி



வகுப்பறைத் தொட்டிக்குக் கப்பி மீன் வாங்கிவரும் மாணவர், பையை அவிழ்த்த கையோடு அதனை உள்ளே விட விரும்புவர். கூடாது என்பதே என் கருத்து.

கடையில் துள்ளி நீந்தும் மீன் நோயற்றது என்று கொள்வதற்கில்லை. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருக்குமாயின் உடலில் புள்ளி தெரியாது. முதிர்ந்ததும் அது மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும். மருந்துக்கு அது மடிவது அந்நீந்தும் பருவத்தில்தான். சிங்கப்பூரின் வெதுவெதுப்பான நீரில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு வாரம் தனியே வைத்தால் நோய் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். நான்கு வாரம் இன்னும் நன்று.

செலவு அதிகமன்று. மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி, பஞ்சு வடிகட்டி, தனி வலை ஆகியவை போதும். (வெப்பமூட்டி வாங்கும் தொல்லை நமக்கில்லை!) குழாய்நீரில் உள்ள குளோரமின் ஓரிரவில் நீங்காது, அதற்குரிய மருந்தை இடவேண்டும்.

"பாவம் மீன், தனியாக இருக்கிறதே" என மாணவர் வருந்தினால், 1873-இல் இங்கு வாந்திபேதி பரவியதையும், மறு ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் தொடங்கியதையும் கூறுங்கள். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோரில் பலர் அத்தீவில் காத்திருந்த பின்னரே சிராங்கூன் சாலையை மிதித்தனர்.

காத்திருக்கும் நாட்களில் மீன் உண்டதா, உடலை உரசியதா என்று மாணவர் நாள்தோறும் தமிழில் இரண்டு வரி எழுதட்டும்.