சுத்தியல் விழும் வரைதான்

"ஏலத்தில் எடுத்த வீட்டைப் பழைய உரிமையாளர் பணம் கட்டித் திரும்பக் கேட்க முடியுமா?" ஜொகூரில் லெலோங் வீடு தேடும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் வரி பாக்கிக்காக விற்கப்பட்ட சொத்தைக் குறித்த காலத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம். இங்கே நடைமுறை வேறு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 266ஆவது பிரிவின்படி, அடமானம் வைத்தவர் ஏலம் முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் பாக்கியையும் செலவையும் கட்டி விற்பனையை நிறுத்தலாம். சுத்தியல் விழுந்தபின் அந்த உரிமை இல்லை. தனி கெரான் வராத வீடு என்றால், கடன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

வாங்குபவருக்கும் கெடு உண்டு. ஏலத் தொடக்க விலை 2 லட்சம் வெள்ளி என்றால் 20,000 வெள்ளி முன்பணம் வேண்டும். மீதியை 120 நாளுக்குள் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் பெரும்பாலும் வாங்கியவர் பாடுதான்.

நில வரி பாக்கி இதைவிடக் கடுமையானது. 6ஏ படிவம் கொடுக்கப்பட்டு 3 மாதத்துக்குள் கட்டாவிட்டால், ஏலமே இல்லாமல் நிலம் மாநில அரசுக்குப் போகலாம். தாத்தா பெயரிலேயே கெரானை வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கடிதம் பழைய முகவரிக்குத்தான் போகும். நாளைக்கே நில அலுவலகத்தில் பாக்கியைக் கேட்டுப் பாருங்கள், பெயரையும் மாற்றிவிடுங்கள்.