20 வருஷம் பூட்டி வைத்த பாட்டு! இலை எடுக்கும் நேரத்தில் விருந்துக்கு அழைப்பா?

கடை நிறைய சரக்கு. வாசலில் கூட்டம். ஆனால் கதவு பாதிதான் திறந்திருக்கும். "எட்டிப் பார்க்கணும்னா முதல்ல காசை வை" என்பார் கடைக்காரர். ஜப்பானில் இப்படி ஒரு வியாபாரம் 20 வருஷம் நடந்தது. சரக்கு, பாட்டு!

"அராஷி" என்றால் புயல். 5 வாலிபர்கள் சேர்ந்த பாட்டுக் கோஷ்டி. 1999 நவம்பர் 3-ந் தேதி முதல் பாட்டு வந்தபோது, அவர்களுக்கு 16 முதல் 18 வயசு. ஜப்பானில் பெயர் தெரியாத வீடு இல்லை என்கிற அளவுக்கு வளர்ந்தார்கள்.

ஆனால், பாட்டுப் படங்களை யூ டியூபில் போட கம்பெனி விடவில்லை. போட்டோவுக்குக்கூட தடை!

நிழல்தான் மிச்சம்

இன்டர்நெட்டில் பத்திரிகை விற்கும் கடைகளில், அட்டையில் இவர்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல் உருவம்தான் இருக்கும். முகத்தைக் காட்டிப் பிழைக்கிற தொழிலில் முகத்தையே மறைத்தார்கள்! 2018-ல்தான் இந்தக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது.

"சும்மா காட்டினா எவன் சி.டி. வாங்குவான்?" இதுதான் கம்பெனியின் கணக்கு. கல்லாவைப் பார்த்தால் கணக்கு சரிதான். 2019-ல் வந்த இவர்களுடைய பாட்டுத் தொகுப்பு 33 லட்சம் பிரதி விற்றது. அந்த வருஷம் உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம் அதுதான்!

வயிற்றெரிச்சலும் அங்கேதான். விற்பனையில் உலகத்துக்கே முதல் இடம். ஆனால் ஆசியாவைத் தாண்டினால், "யாரு அவங்க?"

பக்கத்து வீட்டில்...

தென் கொரியா கதவை அகலத் திறந்து வைத்தது. 2012 டிசம்பரில், யூ டியூபில் 100 கோடி தடவை பார்க்கப்பட்ட முதல் படம் என்ற பெயரை "கங்னம் ஸ்டைல்" வாங்கியது. 2018-ல் பி.டி.எஸ். கோஷ்டி, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. சும்மா காட்டியவன் ஒன்றும் கெட்டுப் போகவில்லை!

அராஷிக்குக் கதவு திறந்தது எப்போது? "2020 முடிவோடு ஓய்வு" என்று 2019 ஜனவரியில் அறிவித்த பிறகு! அக்டோபரில் 5 பழைய பாட்டுப் படங்கள் யூ டியூபுக்கு வந்தன. நவம்பர் 3-ந் தேதி "டர்னிங் அப்" என்ற புதுப் பாட்டு. அடுத்த வருஷம் அமெரிக்கப் பாடகர் புரூனோ மார்ஸ் போட்டுக் கொடுத்த பாட்டு. அது முழுக்க இங்கிலீஷ்!

புதுப் பாட்டுகளில் குறை இல்லை. துள்ளல் இருக்கிறது, பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இங்கிலீஷ் எதற்கு? பழைய ஜப்பானியப் பாட்டுகளே போதுமே! மாற்ற வேண்டியது பாஷையை அல்ல, திறக்க வேண்டியது கதவை.

யாருக்கு நஷ்டம்?

திறந்த நேரமும் சரியில்லை. 2020-ல் பீஜிங்கில் நடக்க இருந்த கச்சேரியைக் கொரோனா விழுங்கியது. டிசம்பர் 31-ந் தேதியோடு ஓய்வு. பிறகு 2025 மே மாதம், "2026 வசந்த காலத்துக் கச்சேரிகளோடு கோஷ்டி கலையும்" என்று அறிவிப்பு.

சி.டி. விற்ற காசு கம்பெனிக்கு வந்துவிட்டது. ஆனால் கதவு திறந்தபோது 5 பேருக்கும் 35 வயசு தாண்டியாச்சு. ஆடிப் பாடுகிறவனுக்கு முதலே வாலிபம்தான். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் வட்டி வராது, முதலும் போய்விடும்!

விருந்து முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டு என்ன பிரயோசனம்?