கொடியைக் கண்டு நடுங்குவது ஏன்?



கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டைகள். ஓரத்தில் ஒரு சிவப்பு முக்கோணம். கைபேசித் திரையில் ஒரு மொச்சைக் கொட்டை அளவுகூட வராத பாலஸ்தீனக் கொடி அது. 2023 அக்டோபர் முதல் நம் இளைஞர்கள் அதைத் தம் பெயருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். கடைக்காரர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். காஸாவில் இருந்து ஒரு செய்தி வந்தால், எழுத வார்த்தை வராதவர்கள் அந்தக் கொடியை மட்டும் போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

"இந்தப் பொம்மைக் கொடியால் என்ன ஆகப் போகிறது? குண்டு நின்றுவிடுமா?" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்றால், அந்தக் கொடியைக் கண்டு இத்தனை பேர் பதறுவது ஏன்?

முதலில் இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்து கொள்வோம். எமோஜிகளுக்கு உலகம் முழுவதும் ஒரே குறியீட்டு எண்ணைத் தருவது யூனிகோடு என்ற அமைப்பு. நாட்டுக் கொடிகளை அது ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கவில்லை. 2010-ல் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில், ஆங்கில எழுத்துக்களுக்கு இணையாக 26 குறியீடுகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் ஒரு நாட்டுக் கொடி. ஐ, என் சேர்ந்தால் இந்தியா. பி, எஸ் சேர்ந்தால் பாலஸ்தீனம். எந்த நாட்டுக்கு எந்த இரண்டு எழுத்து என்பதை ஐ.எஸ்.ஓ. 3166 என்ற சர்வதேசப் பட்டியல் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் பாலஸ்தீனம் இருக்கிறது. எனவே கொடியும் இருக்கிறது. யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல இது!

ஆனால் அந்த இரண்டு எழுத்தைக் கொடியாக வரைந்து காட்டுவதா, மறைப்பதா என்பது கைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தைவானுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சீனாவில் விற்கப்படும் ஐபோன்களில் தைவான் கொடியை ஆப்பிள் நிறுவனம் காட்டுவதில்லை. 2019-ல் ஹாங்காங், மக்காவ் பகுதிக் கைபேசிகளின் விசைப்பலகையிலிருந்தும் அந்தக் கொடியை எடுத்துவிட்டது. சீன அரசு கண்ணை உருட்டினால் ஒரு கொடி காணாமல் போகிறது. கருத்துச் சுதந்திரம் பேசும் நிறுவனங்களின் இலட்சணம் இது.

பாலஸ்தீன விஷயத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில் இன்ஸ்டாகிராமில் என்ன நடந்தது? தம்மைப் பற்றிய அறிமுகத்தில் 'பாலஸ்தீனியர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கொடியை வைத்து, அரபியில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று போட்டிருந்தார்கள் சிலர். அதன் தானியங்கி மொழிபெயர்ப்பு அவர்களுடைய அறிமுகத்தில் 'பயங்கரவாதிகள்' என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டியது. எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று சொன்னவனுக்குக் கிடைத்த பட்டம் இது! விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இயந்திரக் கோளாறாம். இயந்திரம் தானாகவா அந்தச் சொல்லைக் கற்றுக் கொண்டது?

அதே மாதம், பாலஸ்தீனக் கொடி எமோஜி இருந்த பின்னூட்டங்களை இன்ஸ்டாகிராம் மறைத்ததை 'தி இன்டர்செப்ட்' செய்தித் தளம் வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மனித உரிமைக் கண்காணிப்பகம் ஓர் அறிக்கை தந்தது. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் நீக்கப்பட்ட, முடக்கப்பட்ட 1,050 பதிவுகளை அது ஆராய்ந்தது. அவற்றில் 1,049 பாலஸ்தீனத்தை அமைதியான முறையில் ஆதரித்தவை.

2024 ஏப்ரலில் இன்னொரு கூத்து. ஐபோனில் ஆங்கிலத்தில் ஜெருசலேம் என்று தட்டினால் சிலருக்குப் பாலஸ்தீனக் கொடி பரிந்துரையாக வந்தது. உடனே கூச்சல் எழுந்தது. அது தெரியாமல் நடந்த பிழை, திருத்திவிடுகிறோம் என்று ஆப்பிள் அறிவித்தது. பைத்துல் முகத்தஸ் இருக்கும் நகரத்தின் பெயரோடு அந்தக் கொடி ஒரு கணம் தோன்றியதைக்கூடப் பொறுக்க முடியவில்லை.

இந்த அச்சம் கைபேசியோடு பிறந்தது அல்ல. 1967 போரில் மேற்குக் கரையையும் காஸாவையும் பிடித்த இஸ்ரேல், மேற்குக் கரையில் அதே ஆண்டு ஆகஸ்டில் 101-ஆம் எண் ராணுவ ஆணையைப் பிறப்பித்தது. அனுமதியின்றிக் கொடி ஏற்றுவதும் அரசியல் சின்னங்களைக் காட்டுவதும் குற்றம். 1980-ல் ரமல்லாவில் நடந்த ஓவியக் கண்காட்சியை ராணுவத்தினர் மூடினார்கள். இந்த நிறங்களில் தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல் செய்வோம் என்று மிரட்டினார்கள் என அதில் பங்கேற்ற ஓவியர் சுலைமான் மன்சூர் பின்னாளில் விவரித்தார். 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கொடிக்கான தடை தளர்ந்தது. 2023 ஜனவரியில் அமைச்சர் இதாமர் பென் கவிர் பொது இடங்களில் இந்தக் கொடியை அகற்றும்படி போலீசுக்கு மீண்டும் உத்தரவிட்டார்.

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. தர்பூசணியை எடுத்துக் கொண்டார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு விதை. கொடியின் நான்கு நிறமும் அதில் உண்டு. 2023 ஜூனில் டெல் அவிவ் நகர டாக்சிகளில் தர்பூசணிப் படத்தை ஒட்டி, இது பாலஸ்தீனக் கொடி அல்ல என்று கீழே எழுதி வைத்தது இஸ்ரேலிலேயே இயங்கும் ஓர் அமைப்பு. கொடி போட்டால் பதிவு அமுக்கப்படுகிறது என்று கருதியவர்கள் இணையத்திலும் தர்பூசணி எமோஜிக்கு மாறினார்கள். கொடியை மறைக்கலாம், பழத்தை எப்படி மறைப்பது?

நம் நாட்டுக்கு வருவோம். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974-ல் அங்கீகரித்த நாடு இந்தியா. பாலஸ்தீனத்தை 1988-ல் தனி நாடாக ஏற்றது இந்தியா. புதுடெல்லியில் அதன் தூதரகத்தில் இந்தக் கொடி பறக்கிறது. ஐ.நா. தலைமையகத்தில் 2015 செப்டம்பர் 30 அன்று ஏற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் நாடுகளும் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. அப்படியிருக்க, 2024 முஹர்ரம் ஊர்வலத்தில் இந்தக் கொடியைப் பிடித்தவர்கள் மீது பீகாரில் நடவடிக்கை பாய்ந்தது. நமது அரசாங்கமே ஏற்றுக் கொண்ட ஒரு நாட்டின் கொடியைப் பிடிப்பது எப்படிக் குற்றமாகும்? இதைக் கேட்க நாம் தயங்கத் தேவையில்லை.

அடுத்தவரைக் கேட்டது போதும். நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

ஒன்று: கொடியைப் போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்த நாட்டின் வரைபடத்தைக் காட்டி, காஸா எங்கே, மேற்குக் கரை எங்கே என்று கேட்டால் எத்தனை பேர் விரலை வைப்போம்?

இரண்டு: பெயருக்குப் பக்கத்தில் கொடி, பதிவுக்குள்ளே கெட்ட வார்த்தை. எதிர்த்துப் பேசியவனின் தாயை ஏசுகிறார்கள். யூதர் என்றாலே எதிரி என்கிறார்கள். 2023 அக்டோபர் 27 அன்று நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, போரை நிறுத்து என்று முழங்கிக் கைதானவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். சியோனிச அரசியலை எதிர்ப்பது வேறு, ஒரு மக்களையே வெறுப்பது வேறு. அநீதிக்கு எதிரான கொடியின் கீழ் நின்றுகொண்டு அநீதி பேசுகிறவன், அந்தக் கொடியை எதிரியைவிட அதிகமாக அவமதிக்கிறான்.

மூன்று: கொடி போடாதவனைக் கோழை, துரோகி என்று குழுமத்தில் பட்டியல் போடுகிறார்கள். சுதந்திர தினத்தன்று மூவர்ணக் கொடியை வைத்தாயா, தேசபக்தியை நிரூபித்தாயா என்று நம்மைச் சோதிக்கிறவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? உள்ளத்தை ஒரு படத்தால் அளக்காதே என்கிறோம். அதே அளவுகோலை நம் சகோதரன் மீது நாமே வைக்கலாமா?

நான்கு: கொடி இருந்தால் எதையும் நம்பிவிடுகிறோம். சிரியாவில் எடுத்த பழைய படங்கள் காஸா என்ற பெயரில் சுற்றின. கொடியை முகப்பில் வைத்துக் கொண்டு காஸாவுக்கு உதவி என்று வசூல் செய்கிறவர்கள் எல்லோரும் உண்மையானவர்களா? செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. ஒரு பொய்ப் படம் அம்பலமானால், அதற்குப் பிறகு நாம் காட்டும் நூறு உண்மைப் படங்களையும் உலகம் சந்தேகிக்கும்.

வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆதரவுக்காகக் கொடி வைப்பது வேறு. சரக்கு விற்பதற்காகக் கொடி வைப்பது வேறு. வருமானத்தில் இவ்வளவு பாலஸ்தீனத்துக்கு என்று அறிவித்தால், எவ்வளவு வந்தது, யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கணக்கையும் அதே ஸ்டேட்டஸில் போடுங்கள்.

ஆகவே கொடியை எடுத்துவிடச் சொல்லவில்லை. வையுங்கள். கூடவே, தேதியோடும் ஆதாரத்தோடும் ஓர் உண்மைச் செய்தியை வையுங்கள். உங்கள் பதிவு நீக்கப்பட்டால் திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். அதைப் படமெடுத்து வைத்துக் கொண்டு முறையீடு செய்யுங்கள். அந்த 1,050 பதிவுகளும் இப்படி யாரோ சேர்த்து வைத்து அனுப்பியதால்தான் அறிக்கையாயின. பண உதவியைச் சட்டப்படி இயங்குகிற, கணக்குக் காட்டுகிற அமைப்பு மூலமே கொடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். 1988-ல் இந்தியா எடுத்த நிலைப்பாட்டுக்காக நீங்கள் அவையில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள்.

கொடி போட ஒரு விநாடி போதும். அந்தக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இந்த வாரம் அந்த அரை மணி நேரத்தைக் கொடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?